மாப்பிள்ளை கொண்டு வந்த கள்ளி

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு சீதனமாக என் பெயரில் எழுதப்பட்டிருந்தது. உம்மாவும் நானும் உம்மாவின் தையல் மெசினும் இருந்த அந்த வீட்டுக்கு என் கணவர் கொண்டு வந்தவை: உடுப்புப் பெட்டி, லெப்டொப், ஒரு பீப்பாய்க் கள்ளி.

தேங்காய் அளவில் உருண்டு, மஞ்சள் முள் அடர்ந்த கள்ளி. கொழும்பில் படிக்கும்போது, உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் வாங்கியதாம். அறை மாறும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமி, "மாப்பிள்ளை நமக்குச் சீதனம் கொண்டு வந்திரிக்காரு" என்றார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, வாசல் படியோரம் வைக்கலாமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இந்த வீட்டில் தன் சீப்பைக்கூட அவர் கேட்காமல் வைத்ததில்லை.

கொழும்பில் வேலை என்பதால் மாதத்தில் இரண்டு தடவைதான் வருவார். கள்ளி என் பொறுப்பானது. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். எதற்கும் பட்டியல் போடுவேன். மண் முழுதாகக் காய்ந்த பிறகே தண்ணீர். காலை வெயில் கட்டாயம். கடல் மண் கூடாது, உப்பு. மாரியில் ஒரு சொட்டும் கூடாது.

உம்மாவிடம் அபாயா தைக்க வருகிறவர்கள் பட்டியலில் இல்லை. ஒருத்தியின் புது அபாயா முள்ளில் மாட்டி இழுபட்டதும், உம்மா கள்ளிச் சட்டியைத் தூக்கிப் பக்கச் சுவரோரம் வைத்துவிட்டார். கூரைத் தண்ணீர் விழும் இடம் அது. அந்தக் கிழமை முழுக்க மழை. நான் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. என் கணவர் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் வந்துவிடுவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அப்போதுதான் கள்ளியைத் தேடினேன். சட்டியில் தண்ணீர் நின்றது. அடிப்பக்கத்தை அழுத்தினேன், விரல் உள்ளே போனது.

உம்மாவின் முகம் மாறியது. "நிந்தவூர்ல பூக்கண்டு விக்கிற இடத்தில இதே மாதிரி இரிக்கி. ஓட்டோவில போய் எடுத்துட்டு வா மகள். அவருக்கு விளங்காது."

"விளங்கும் உம்மா."

விளங்காமல் அவர் வேறொரு கள்ளியைத் தன்னுடையதென்று நம்பினால் அது இன்னும் மோசம்.

பழைய பேப்பரை மடித்துக் கள்ளியைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். கறுத்த வேர்கள் மண்ணிலேயே தங்கிவிட்டன. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன். தவிட்டு நிறம். துடைத்துவிட்டு இன்னொன்று. நடு வளையத்தில் துரு மாதிரிப் புள்ளிகள். ஒரு புள்ளி மிஞ்சினாலும் அழுகல் மேலே ஏறும். அதிகம் வெட்டினால் வேர்விட ஒன்றும் இருக்காது. பள்ளியில் ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டபோது கள்ளி பாதியாகியிருந்தது. உம்மா மெசினுக்கு முன்னால் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த துண்டில் ஒரே ஒரு புள்ளி. அதற்கடுத்து வெறும் வெள்ளைச் சதை. வெட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் கறுவாப்பட்டைத் தூள் தூவி, வெறுஞ்சட்டியில் தலைகீழாக வைத்தேன்.

அவர் வந்து, தோளில் பையோடு நின்று பார்த்தார். அழுகியது, வெட்டினேன், சில கிழமை காய வேண்டும், பிழைக்குமா தெரியாது என்று ஒழுங்காகச் சொன்னேன். எப்படித் தண்ணீர் பட்டது என்று கேட்டார்.

உம்மா எழுந்து வந்தார். "நான்தான் தூக்கி வெச்சன் மகன். கூரைத் தண்ணி விழும் எண்டு யோசிக்கல்ல."

அவர் உம்மாவிடம் 'பரவாயில்ல மாமி' என்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார். அன்று சொல்லவில்லை. கள்ளியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமி, இது மழை படாம, காத்து வாற இடத்தில இரிக்கணும். அந்த ஜன்னலடிதான் சரி. மெசினக் கொஞ்சம் தள்ளணும்."

வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு வீட்டில் எல்லாம் இடம் மாறியது, அந்த மெசினைத் தவிர. நான் உம்மாவைப் பார்க்கவில்லை.

"ஒரு பக்கம் புடிங்க" என்றார் உம்மா.

இருவருமாகத் தூக்கி நகர்த்தினார்கள். மெசின் கால்கள் இருந்த இடத்தில் சிமெந்து வெளிறிக் கிடந்தது. அவர் சட்டியைக் கொண்டுபோய் அந்த வெளிறிய இடத்தில் வைத்தார். பிறகு, யாரிடமும் கேட்காமல், இன்னும் சற்று ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தார்.