ரொட்டி வண்டியில் போன சவப்பெட்டி

பின்கதவைத் திறந்தால் தெரு முழுக்க வெண்ணெய் வாசனை வீசும் ஒரு பழைய வேன். 1950களில் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அதை ஓட்டியவரை பேக்கரி அண்ணன் என்போம். வருஷக்கணக்கில் சைக்கிளில் பன் விற்று வாங்கியது. அதற்கு இன்ஷூரன்ஸ் எழுதியவன் நான். சொந்த உபயோகத்துக்கு ஓட்டலாம், வாடகைக்கு விடக்கூடாது, விபத்து நடந்தால் விவரத்தை மறைக்கக்கூடாது என்று விளக்கினேன். தலையாட்டினார். தலையாட்டினால் புரிந்துகொண்டார் என்று வைத்துக்கொள்வது எங்கள் இலாகா வழக்கம்.

தங்கவயல் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த ஒருவர் எங்கள் தெருவில் இறந்தார். தங்கவயலில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்றாள் மனைவி. இன்று அதற்கென்றே வண்டிகள் இருக்கின்றன. அன்று வாடகை வண்டிக்காரர்கள் பிணம் என்றதும் நழுவினார்கள். பேக்கரி அண்ணன் ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டுச் சவப்பெட்டியை ஏற்றினார். கூலி வாங்கவில்லை. ஹொஸ்கோட்டை தாண்டி, குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கியதில் வேன் புளியமரத்தில் மோதி நொறுங்கியது. அவருக்குச் சிராய்ப்புதான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் சவப்பெட்டியையும் சேர்த்தே எழுதிக்கொண்டு, வேறு வண்டி பிடித்து அதைத் தங்கவயலுக்கு அனுப்பினார்.

மறுநாள் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"மைதா மூட்டை ஏத்திட்டுப் போனேன்னு போட்டுக்குங்க சார்."

"வேண்டாம்ணா. கூலி வாங்காம செஞ்ச உதவி வாடகை ஆகாது. உண்மையைச் சொன்னா பணம் வரும். பொய் சொன்னாத்தான் மொத்தமும் போகும்."

"பணம் வரும் சார். பொணம் ஏத்துன வண்டின்னு தெரிஞ்சா பன்னு எவன் வாங்குவான்? நீங்க வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"நீங்க இன்ஷூரன்ஸ்காரரு. எது வேணா சொல்லுவீங்க."

மைதா என்றே எழுதிக் கையெழுத்திட்டார். போலீஸ் குறிப்போ வேறு சொன்னது. பொய் விவரம் என்று மேலதிகாரி கோரிக்கையைத் தள்ளினார். விதிப்படி மிகச் சரி. விதிப்படி மிகச் சரியாக நடந்து, யாருக்கும் பயன்படாமல் போன காரியங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. அண்ணன் மறுபடி சைக்கிள் மிதித்தார்.

சில நாள் கழித்து ஒரு காலை நானும் பன் வாங்கப் போனேன். சைக்கிளைச் சுற்றி வழக்கமான கூட்டம். இறந்தவரின் மனைவி, புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் அண்ணனைக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரைத் தன் வண்டியில ஏத்திட்டுப் போன புண்ணியவான் இவருதாம்மா."

"அன்னிக்கே தெருவுக்கெல்லாம் சொல்லிட்டியேக்கா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எனக்கு நாலு பன்னு குடுங்கண்ணா."

பன் பெட்டிக்குள் விட்ட கை அப்படியே நிற்க, அண்ணன் என்னைப் பார்த்தார்.

"என்னண்ணா, தீந்துபோச்சா?" என்று கேட்டாள் அவள்.