ஒன்பதாவது இரத்த வகை

சாதிக் பாய் காலமாகிவிட்டார் என்ற செய்தி, சிறுசேரி போகும் அலுவலகப் பேருந்தில் இருந்தபோது கைப்பேசிக்கு வந்தது. அனுப்பிய எண் தெரியாத எண். நம்பாமல், செங்கல்பட்டில் இருக்கும் அவர் தம்பியை அழைத்தேன்.

“நெசந்தாண்ணே. காலைல தொழுதுட்டு வந்து ஒக்காந்தாரு. மவுத்தாயிட்டாரு.”

அவரோடு வேலை பார்த்தவர்கள் என் அவநம்பிக்கையைத் தவறாக நினைக்கமாட்டார்கள். அவரும் எதையும் உடனே நம்பியவர் அல்ல.

மருத்துவமனை இரத்த வங்கிகளுக்கான மென்பொருளின் புதிய பதிப்பை நான் எழுதினேன், அவர் சரிபார்த்தார். இரத்த இருப்பைப் பதிந்து தேடித் தரும் மெத்தடை, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டை, மூன்று முறை திருப்பி அனுப்பினார். எட்டு இரத்த வகைகளையும், அந்த மெத்தட் இருக்கும் நிரல்தொகுப்பான கிளாஸிலேயே, மாறாத பெயர்களாக, மாறிலிகளாக வரையறுத்திருந்தேன். ஆனால் அந்த எட்டைத்தான் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் மெத்தட் வாங்கிக்கொள்ளும்.

“எட்டு வகையோட பேர எழுதி வச்சிகினு கீற, சரி. ஒன்பதாவதா ஒண்ணு வந்தா யாரு நிறுத்தறது?” என்றார்.

“அப்படி யாரு பாய் அனுப்பப் போறாங்க?”

“எனக்கு யாரு மேலயும் நம்பிக்கை இல்ல. என் மேலயும்தான்.”

எங்கள் இருவரில் அணித் தலைவர் யார் என்று முடிவாகவிருந்த மாதம் அது. சாதிக் பாய் மேலாளரோடு தணிந்த குரலில் பேசுவார். நான் அருகே போனால் பேச்சு நின்றுவிடும். என்னை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். பழைய பதிப்பைத் தோண்டினேன். அதே ஓட்டையுள்ள மெத்தட், எழுதியவர் சாதிக் பாய். கேன்டீனில் அவர் முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார்.

“நான் எழுதனதுதான். ஒரு ஆஸ்பத்திரில ஓ பாசிட்டிவ்ல ஓ-வுக்குப் பதிலா சைபர் அடிச்சி ஏத்திட்டாங்க. மெத்தட் வாங்கிகிச்சு. அப்பறம் தேடினா இருப்பு இல்லன்னு காட்டுது. ரத்தம் ஃபிரிட்ஜில கீது. பிரசவத்துக்கு வந்த பொண்ணோட புருசன் ரத்தம் கேட்டு மாமல்லபுரம் வரைக்கும் ஓடினான்.”

“அந்தப் பொண்ணு?”

“பொழச்சிகிச்சு. ஒரு நர்சு ஸ்கிரீன நம்பாம ஃபிரிட்ஜத் தொறந்து பாத்தா.”

“மேனேஜர்கிட்ட இன்னா பேசினு இருந்தீங்க?”

“பழச மாத்த உடுங்கன்னு கேட்டுகினு கீறேன். வெளிய தெரிஞ்சா கம்பெனி பேரு கெடும்ங்கறாரு.”

மறுநாள் இருவரும் சேர்ந்துபோய்க் கேட்டோம்; மேலாளர் அரைமனதாகச் சம்மதித்தார். கிளாஸின் மாறிலிகளைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி மெத்தடை மாற்றினோம். சோதனையில் இன்னும் இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகள் உள்ளே வர முடியாமல் நின்றன. இரண்டிலும் ஓ இருக்க வேண்டிய இடத்தில் சைபர்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்று என் நிரலைப் பார்த்ததும் யாராவது சரி என்றால், மறுபடி பார்க்கச் சொல்கிறேன். தன் கை எழுதியதை முதலில் சந்தேகிக்கும் பழக்கம் அவருடையது, அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரைச் சந்தேகித்த அந்த ஒரு மாதத்தையும்.