நூற்றுக்கு எழுபத்திரண்டு

ராகவியை மாநில கிரிக்கெட் அணிக்குப் போகவிடாமல் கவிழ்த்தவர் சச்சிதானந்தன்தான் என்று சிட்னியின் கிரவீன் பகுதி முழுக்கப் பேச்சு. மளிகைக் கடையில் அது பொறாமையாக இருந்தது. கோயில் வாசலுக்கு வருவதற்குள் பழைய காணித் தகராறாக வளர்ந்துவிட்டது. இரண்டு குடும்பமும் ஒரே ஊரே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல கதையைக் கெடுக்கிறேன் என்பதுபோல் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மைதானத்துக்கே போனேன்.

சச்சிதானந்தன் எங்கள் கிரிக்கெட் கழகத்தின் ஸ்கோரர். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். சிட்னியில் இருபத்தாறு வருடம் மருந்துக் கிடங்கில் வேலை. மனைவி இறந்துவிட்டார். மகன் மெல்பேர்ண் பக்கம் வெரிபீயில், மாதம் ஒருமுறை தொலைபேசியில். ஊரே ஃபோனில் ஓட்டங்களைத் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் எழுதுவார். ராகவியின் தாய் கமலினி ஐந்து வருடமாக அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் மகளின் ஆட்டத்தைப் பார்ப்பார். கொண்டுவரும் மீன் ரோல்ஸில் இரண்டு அவருக்கு. அன்று கமலினி மைதானத்தின் எதிர்க்கரையில் இருந்தார். சச்சிதானந்தனுக்குப் பக்கத்துக் கதிரையில் அவருடைய பை மட்டும் இருந்தது.

"உண்மையே, அண்ணை?"

"ஓம். தெரிவுக்குழு படிவம் அனுப்பினது. ராகவி எதிர்காலத்தில எப்பிடி வருவாள், நூறுக்கு எவ்வளவு எண்டு. அவளின்ர எல்லாப் பந்தும் பாத்தவன் நான்தானே. போட்டனான்."

"எப்பிடி வருவாள்?"

"பெரிசா வருவாள். அவளின்ர பந்தை ஆரும் சிக்ஸ் அடிச்சாலும் பயப்பிடமாட்டாள். அடுத்த சுழல்பந்தை இன்னும் மெதுவா, இன்னும் உயரமாப் போடுவாள். பதினேழு வயசில உந்தத் துணிவு ஆருக்கு வரும்?"

"எவ்வளவு போட்டியள்?"

"எழுபத்திரண்டு."

"அவ்வளவுதானோ?"

"என்ன அவ்வளவுதான்? என்ர வாழ்க்கையில இதுக்கு முதல் ஒருத்தருக்கும் நான் எழுபதுக்கு மேல போட்டதில்லை!"

மற்றக் கழகங்கள் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு பயிற்சியாளர் நூற்றுப்பத்து போட்டாராம். எழுபத்திரண்டைக் கண்ட தெரிவுக்குழு, பிள்ளையில் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்று படிவத்தை ஒதுக்கிவிட்டது. சச்சிதானந்தன் விளக்கம் எழுதினார். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று பதில் வந்தது.

"கமலினியிட்டச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு? பொய் மாக்ஸ் போட்டிருக்கலாம் எண்டோ?"

தேநீர் இடைவேளையில் ராகவியே வந்தாள்.

"அங்கிள், அம்மா ஸ்டில் ஆங்ரி. நான் ஓகே. பட் அந்த ட்வென்டி எய்ட் எதுக்குக் கட் பண்ணினீங்கள்?"

சச்சிதானந்தன் ஸ்கோர் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். வாத்தியாராக இருந்த காலத்தில்கூட அவரிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை.

"எழுதித் தாறன், பிள்ளை."

"ப்ராமிஸ்?"

"ஓம்."

அது நவம்பரில். போட்டிகள் எல்லாம் முடிந்து, ஏப்ரலில் அவர் வீட்டுக்குப் போனேன். குசினி மேசை முழுக்க ஸ்கோர் புத்தகங்கள். ஒரு கோப்பை வைக்க மட்டும் இடம் விட்டிருந்தார். எனக்குத் தந்த தேநீரை வைக்க இடம் இல்லை. கையில் பிடித்தபடியே குடித்தேன். ராகவி போட்ட பந்துகளை முதல் வருடத்திலிருந்து திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சீங்களோ?"

"நாலு மாக்ஸுக்குக் காரணம் கிடைச்சிட்டுது. வெயில் கூடினா கடைசி ஓவரில அவசரப்படுவாள்." பென்சிலைத் தீட்டினார். "இன்னும் இருபத்திநாலு கிடக்கு."