ஷாஃப்ட்டுக்கு மட்டும் டிக்கெட்: பாய்ப்படகின் பழுதோடு நாகையிலிருந்து கண்டியூருக்கு

பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் நெல்வயலுக்கு நடுவே போய் நிற்க ஒரே காரணம்தான் இருக்க முடியும். ஏதோ கெட்டுப்போய்விட்டது. போன புரட்டாசியில் எங்களுக்குக் கெட்டது ஷாஃப்ட். எஞ்சின் சுற்றுவதைப் படகுக்கு வெளியே இருக்கும் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகிற எஃகுக் கம்பி அது. பழைய படகு வாங்கும் ஆசையில் இருக்கிறவர்கள் இதை முழுசாகப் படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

படகின் பெயர் சிட்டு. முப்பத்தியோரு அடி, நாற்பது வயதுக்கு மேல். இரண்டு பேர் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, வாரக்கணக்கில் கடலில் போகலாம். பாய், கயிறு, காற்றெல்லாம் என் கணவர் ரகுவின் இலாகா. எஞ்சின், பம்ப், ஒயரிங் என்னுடையது. புதுச்சேரியிலிருந்து ராமேஸ்வரம் போகத் திட்டம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். ஷாஃப்ட் படகின் அடியைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் கிளாண்டு என்று ஒரு பித்தளைக் கழுத்து உண்டு. அதற்குள் கிரீஸ் தோய்ந்த கயிற்றைச் சுற்றி, கடல் உள்ளே வராதபடி நட்டால் அழுத்தி வைத்திருப்பார்கள். அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என் படகில் ஒழுகலா? நட்டை நன்றாக இறுக்கினேன், நின்றுவிட்டது. அடித்தளத்தைத் துடைத்துவிட்டு ரகுவைக் கூப்பிட்டேன். "அப்பளம் காய வைக்கலாம், பாரு!"

நாகப்பட்டினத்துக்கு நேரே வரும்போது கருகல் வாடை அடித்தது. உள்ளே இறங்கிப் பார்த்தால் கிளாண்டு தொட முடியாத சூடு, கயிறு எரிந்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்து, பழைய துணியைத் திணித்து, பாயிலேயே கரைப்பக்கம் வந்தோம். ஒரு ஃபைபர் படகுக்காரர் கடுவையாற்று முகத்துவாரம் வழியாக எங்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்தார். அமாவாசைக்கு மறுநாள், கடல் தண்ணீருக்கு நல்ல ஏற்றம். அப்படியிருந்தும் சிட்டின் அடி இரண்டு முறை மணலைத் தட்டியது.

அங்கேதான் சிக்கல். சிட்டு மிதக்க ஒன்றரை மீட்டர் தண்ணீராவது வேண்டும். முகத்துவாரத்து மணல்திட்டில் அவ்வளவு தண்ணீர் ஏறுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான். பௌர்ணமியை விட்டால் அடுத்தது தீபாவளி அமாவாசை, அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் தை மாதம் வரை அந்தச் சேற்றில்தான் குடித்தனம். நாற்பது வயதுப் படகு அங்கே ஒரு புயலைத் தாங்கும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாரம் உட்கார்ந்து ஆன்லைனில் தேடினேன். எல்லாரும் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். துறைமுகத்து லேத்துப் பட்டறைக்காரர்களிடம் ஓடினேன். ஆயுத பூஜைக்கு ஆட்கள் ஊருக்குக் கிளம்பியாயிற்று, பௌர்ணமிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் பக்கத்தில் கட்டியிருந்த விசைப்படகின் டிரைவர்தான் வழி சொன்னார். "ஒரு இஞ்ச் ஷாஃப்ட்டுன்னா பம்புசெட் சைஸுங்க. தஞ்சாவூர்ப் பக்கம் போங்க. கண்டியூர்ல என் மச்சான் குமரேசன் லேத்து வச்சிருக்காரு."

அன்று மாலையே ரகு மூச்சடக்கி முங்கி முங்கிப் புரொப்பல்லரைக் கழற்றினார். நான் உள்ளேயிருந்து ஷாஃப்ட்டை உருவ, அவர் வெளியிலிருந்து அந்த ஓட்டையில் ஒரு மர ஆப்பை அடித்தார். ஆப்பு ஓரமாகக் கசிந்தது. அதனால் அவர் வாளியோடு காவல், நான் பஸ்.

மறுநாள் ஆயுத பூஜை. காலை 6.15க்கு நாகையிலிருந்து தஞ்சாவூர் பஸ், 85 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம், 68 ரூபாய். பஸ்ஸுக்கு நெற்றி நிறையச் சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. என்னிடம் நாலே முக்கால் அடி ஷாஃப்ட்டும், சாக்குப்பையில் புரொப்பல்லரும். திருவாரூர் தாண்டியதும் இருபக்கமும் சம்பா நடவு. கவலை ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் பச்சையைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாறு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் ஷாஃப்ட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு ஃப்ரீக்கா. இதுக்குத்தான் டிக்கெட். சாக்குல என்னது, ஃபேன் றெக்கையா?"

"கப்பல் றெக்கை."

"கப்பலு எங்க நிக்குது, வெண்ணாத்துலயா?" பஸ்ஸே சிரித்தது. பத்து ரூபாய் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மூன்று ஆற்றுப் பாலங்கள் தாண்டி, பட்டறை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

குமரேசனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஷாஃப்ட்டை வாங்கி, கிளாண்டு உட்காரும் இடத்தில் மோதிரம் போல விழுந்திருந்த பள்ளத்தை நகத்தால் தடவினார்.

"யாருக்கா இத இப்புடி இறுக்குனது?"

எனக்குச் சுருக்கென்றது. "முன்னாடி வச்சிருந்தவரு," என்றேன். கூசாமல் வந்துவிட்டது பொய்.

புதுசாகவே கடைந்துவிடலாம், ரைஸ் மில்லுக்கு வாங்கிய துருப்பிடிக்காத எஸ்.எஸ். கம்பி இருக்கிறது என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவர் மனைவி செல்வி, வாழையிலையும் பொரிப் பொட்டலமுமாக வந்துவிட்டார்.

"இன்னிக்கு லேத்த யாரும் தொட முடியாதுங்க. சாயங்காலம் படையல். நாளைக்குக் காலையிலதான் அது எழுந்திருக்கும்."

படகில் ஓட்டை, வீட்டுக்காரர் வாளியோடு நிற்கிறார் என்று கெஞ்சினேன். என் சொந்த வெர்னியரால் அளவு மட்டுமாவது எடுத்து வைக்கிறேன் என்று பையைத் திறந்தேன். "அதையும் இப்புடி வைங்க. அதுக்கும் லீவுதான்," என்று என் வெர்னியர், இரண்டு ஸ்பானர், ஷாஃப்ட், புரொப்பல்லர் எல்லாவற்றையும் வரிசையில் வைத்துச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துவிட்டார். நான் மட்டும்தான் பாக்கி, எனக்கும் வைத்தார்.

மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் செல்வியோடு வயலுக்குப் போனேன். குத்தகைக்கு எடுத்த இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, வாய்க்கால் தண்ணீரை ஆயில் எஞ்சின் வைத்து மேட்டுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மட்டும் லீவு இல்லையா என்று மடக்கினேன். "இதுக்குக் காலையிலயே படைச்சாச்சு, ஓடலாம்," என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்.

பம்பைக் குனிந்து பார்த்தேன். சின்ன கிளாண்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். என் வாய் சும்மா இருக்குமா? "இங்க ஒழுகுதே, அரைச்சுத்து இறுக்குனா நின்னுடும்."

செல்வி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "அப்ப நீங்கதான் இறுக்குனீங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அது சொட்டணுங்க. சொட்டுற தண்ணிதான் ஷாஃப்ட்டக் குளுர வைக்கும். நின்னுச்சுன்னா கயிறு காஞ்சு கம்பியத் தின்னுப்புடும். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நானும் இறுக்கி ஒண்ணத் தீச்சேன். அவரு ரெண்டு நாள் பேசல."

நாற்பத்தாறு வயதில், மெக்கானிக் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். வரப்பில் நின்றபடி வெட்கத்தில் காது சூடானது. ரகுவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். ஒரு வாளித் தண்ணீரை வெளியே கொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அப்பளம்னு சொன்னியே," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் விஜயதசமி. காலை 6.10க்குத் தேங்காய் உடைத்து லேத்தை ஓடவிட்டார் குமரேசன். வருஷத்தின் முதல் வேலை எங்கள் ஷாஃப்ட். அந்தக் கம்பியிலிருந்து வெள்ளிச் சுருளாகச் சீவல் இறங்கிய சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! புரொப்பல்லர் உட்காரும் கூம்பு முனை எங்கெங்கே ஒட்டுகிறது என்று தெரிய நீலம் தடவி மாட்டிப் பார்த்து, மறுபடி கடைந்து, மறுபடி மாட்டி, ஐந்தாம் தடவைதான் அவருக்குத் திருப்தி. மதியம் ஒன்றரைக்குக் கையில் கொடுத்தார். கம்பியும் கூலியும் 6,800 ரூபாய். கிளாண்டுக் கயிறு மூன்று முழம் செல்வியின் அன்பளிப்பு.

அவசரக்காரர்களுக்குத் தகவல்களை இங்கேயே கொட்டிவிடுகிறேன். பழைய படகில் எந்தச் சாமானும் கிடைக்காவிட்டால் படகுக் கடையைத் தேடாதீர்கள், அளவைத் தேடுங்கள். பெல்ட், பேரிங், கிளாண்டுக் கயிறு, ஹோஸ் எல்லாம் நெல் விளையும் ஊரில் கிடைக்கும். ஷாஃப்ட்டோடு புரொப்பல்லரையும் எடுத்துப் போங்கள், அளவை வாயால் சொல்லாதீர்கள். ஆப்பு இரண்டு செதுக்கி வையுங்கள். நவராத்திரி கடைசி இரண்டு நாளில் வேலை நடக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், ஆனால் விஜயதசமியன்று காலையில் முதல் ஆளாக நில்லுங்கள். டெல்டாவுக்கு வருவதானால் புரட்டாசி நல்ல மாதம், வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடும். டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும்.

சிட்டுக்கு என்ன ஆயிற்று என்றால், மாட்டி, எஞ்சினோடு நேர்க்கோடு பார்த்து முடிக்க நாலு நாள். பௌர்ணமியன்று காலை 8.05க்குக் கயிற்றை அவிழ்த்தோம். ஏற்றத்தின் உச்சம் 8.40. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முகத்துவாரத்தில் ஆழமானி இரண்டு மீட்டர் காட்டியது, ஒன்று எட்டு, ஒன்று ஆறு, ஒன்றரை. அப்புறம் ஒரு உரசல். சிட்டு நின்றுவிட்டது.

ரகு சுக்கானில், நான் கீழே எஞ்சின் பக்கத்தில். முழு வேகம் கொடுத்தோம். ஷாஃப்ட் சுற்றுகிறது, படகு நகரவில்லை. மணி 8.43. தண்ணீர் இனி இறங்கத்தான் செய்யும். போச்சு, தை மாதம் வரை இங்கேதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு விசைப்படகு சத்தம். எங்களுக்கு வழி சொன்ன டிரைவர், குமரேசனின் மச்சான்! "பிடிச்சுக்கிங்க!" என்று கத்திக்கொண்டே வேண்டுமென்றே எங்களை உரசுகிற மாதிரி வேகமாகப் போனார். அவர் கிளப்பிவிட்ட அலை சிட்டைத் தூக்கியது. இன்னும் ஒரு உரசல், இன்னொரு அலை. ஆழமானி ஒன்று ஏழு, இரண்டு, மூன்றரை. வெளியே வந்துவிட்டோம்! ரகு அங்கே போட்ட கூச்சல் வேளாங்கண்ணிக்கே கேட்டிருக்கும்.

பாயை ஏற்றிவிட்டுப் படிக்கட்டில் தலையை நீட்டினார். முகத்தில் இன்னும் பயம் போகவில்லை.

"கீழ தண்ணி வருதா?"

டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"வருது," என்றேன். அதைக் கேட்டு நிம்மதியாகச் சிரித்தார் அந்த மனுஷன்.