முழங்கால் மேல் இரண்டு கைகள்

சமையலறையில் தட்டு விழுந்தாலும் எனக்குப் பிரஸ் மிஷின் இறங்கும் சத்தம்தான். ஒரகடத்தில் தகடு அழுத்தும் எங்கள் கம்பெனியில், பக்கத்து மிஷினில் வேலை செய்த சேகரின் விரல்கள் நசுங்கிப் போனதிலிருந்து தூக்கமில்லை. மகள் கையைப் பிடிக்கவும் பயம்.

தண்டலத்தில் மனநல ஆலோசகரிடம் போனேன். புத்திமதி சொல்வார் என்று நினைத்தால், என் கைகளையே பார்த்தார்.

"எதை அழுத்திட்டு இருக்கீங்கண்ணா?"

குனிந்தேன். இரண்டு கையாலும் பட்டன்களை அழுத்தினால்தான் என் மிஷின் இறங்கும். அப்படியே முழங்கால்களை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"கை பட்டன்லயே இருந்தா விரல் போவாதும்மா," என்றேன்.

"இங்க மிஷின் இல்லண்ணா. மூச்சு விட்டு, மெதுவா கைய எடுங்க."

எடுத்தேன். அழுதேன். மனசு தலைக்குள் இருப்பதாக நினைத்திருந்தேன். அது என் கைகளில் காவல் நின்றிருக்கிறது.

வாசலில் கேட்டார்: "அடுத்த வாரம் வருவீங்களா?"

"வரேம்மா. இன்னைக்குப் பொண்ணு கையப் புடிச்சிக்கினு கடைக்குப் போவணும்."