இரண்டாம் பாகத்தில் மழை

வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய டிவி கேமில் ஒரே ஒரு கேசட்தான் இருந்தது. அதில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. தொண்ணூறுகளில் மேலப்பாளையத்தில் அதை வாசிக்க யாரைத் தேடுவது? கதை சொல்லும் வேலையை உம்மாவே எடுத்துக்கொண்டாள். ரிமோட்டைத் தொடமாட்டாள். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க, எழுத்து ஓடினால் போதும், யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

குடை வைத்திருக்கும் ஒரு குண்டன்தான் நாயகன். அவன் பூசணிக்காயை ஒரு முதலை தூக்கிக்கொண்டு ஓடும், இவன் துரத்துவான். முதலை அவனுக்கு மச்சான் முறை, கல்யாண வீட்டில் கறி குறைவாக வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போகிறது என்பாள் உம்மா. எங்கும் வெயிலும் பச்சை மலையும். குண்டன் விழுந்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டே எழுந்திருப்பான். கடைசியில் வீடு திரும்பி, மனைவி, முதலை எல்லோருமாகச் சாப்பிட உட்காருவார்கள். நானும் தம்பியும் அதைச் சலிக்காமல் ஆடினோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் வாப்பா விடுப்பில் வந்தார். பெட்டியில் இரண்டாம் பாகம் இருந்தது. போட்டுப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மழை. மலையெல்லாம் சாம்பல் நிறம். துள்ளல் பாட்டு போய் ஒற்றைக் குழல் இழுத்து இழுத்து ஊதியது. குண்டன் மெலிந்திருந்தான், விழுந்தால் சிரிப்பதில்லை. முதலை நோயில் கிடந்தது, அதற்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். அப்புறம் யாரைத்தான் அடிப்பது? நன்றாக இருந்த ஆட்டத்தை எவன் கெடுத்தான் என்று கத்தினேன். தம்பிக்கு இதுதான் பிடித்தது. அவன் ரசனை அவ்வளவுதான்.

முதல் பாகம் வீடு திரும்புவதில் முடிந்தது. இதுவோ வீட்டைவிட்டுக் கிளம்புவதில் தொடங்கியது. பெட்டியோடு குண்டன் மழையில் நிற்பான், வாசலில் அவன் மனைவி நிற்பாள். அந்த இடம் வந்தாலே உம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். விடுப்பில் வந்தவரிடம், எப்போது பயணம் என்று வீட்டுப் பெண்கள் கேட்கக் கூடாது. கேட்டால் போகச் சொல்வதுபோல் ஆகிவிடுமாம். தெரு ஆண்கள் கேட்பார்கள். "பாப்போம்வே" என்று வாப்பா நழுவிவிடுவார். உம்மா கேட்கவே இல்லை. ஆனால் பரணில் ஏற்றிய அவர் பெட்டி அங்கேயே இருக்கிறதா என்று தினமும் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். வாப்பா இந்த முறை போகக் கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்ட பின், வாப்பா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வாசல் காட்சி வந்தது. உம்மா எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லு. இங்கன அவ என்ன சொல்லுதா?" என்று கேட்டார் வாப்பா.

உம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எப்பம் போறியன்னு கேக்கா."

"அவன் என்ன சொல்லுதான்?"

"அவன் என்னத்தச் சொல்லுதான்? வாயத் தொறக்காம நிக்கான்."

வாப்பா உம்மாவை நேராகப் பார்த்தார்.

"நான் போகல. வேலைய விட்டுட்டுத்தான் வந்தேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியைப் பிடித்து உலுக்கினேன். உம்மாவுக்கோ சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"வந்து ஒன்றரை மாசமாச்சு. இத வந்த அன்னைக்கே சொன்னா என்ன?"

"நீ ஒரு வார்த்தை கேக்கலியே," என்றார் வாப்பா. "நான் போனாத்தான் உனக்கு நிம்மதியோன்னு நெனச்சுக்கிட்டு கெடந்தேன்."