நான் சொன்ன யா

நாங்கள் இருக்கிற ஊர் ஏரி பெரியது. பனிப்புகார் மூடிக் கிடந்தால் மறுகரை தெரியாது. புரட்டாசி பிறந்து தண்ணீர் குளிரத் தொடங்கினால் பார்ஷ் என்கிற மீன் கரைக்கு வரும். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, வயிற்றுச் செட்டை சிவப்பு, முதுகில் கையைக் கிழிக்கிற முள். குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு கூட்டமாக வரும்போது, மரப்பாலத்தடியில் தண்ணீர் உலைப்பானை மாதிரிக் கொதிக்கும்.

என் மனுசன் அதற்காகவே வருசம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெர்மனியில் சும்மா தூண்டில் போட ஏலாது. படித்துச் சோதனை எழுதி, படம் ஒட்டின மீன்பிடிக் கார்ட் எடுக்க வேண்டும். இவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே டொச் மொழியில் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவர். கார்ட் இல்லாதவர்கள் தூண்டில் தடியைத் தொட்டாலே குற்றம் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். தொடாமல் இருப்பது எனக்குச் சுகம்.

இங்கே வந்த நாளிலிருந்து எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் இவர்தான் கதைப்பார். நான் பின்னால் நிற்பேன். யாராவது என்னைப் பார்த்து ஏதும் கேட்டால் "யா" என்பேன், ஓம் என்று. இல்லை என்று "நைன்" சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குச் சொல்ல என்னிடம் டொச் இல்லை. யா என்றால் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இத்தனை வருசமும் அந்த ஒரு சொல்லோடு காலம் போய்விட்டது.

போன வருசம் இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. தமிழ் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. டொச் வரவேயில்லை. "படிச்சது போயிட்டுது, பிறந்தது நிக்குது" என்று தானே பகிடி விட்டார். வேறு எதையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. ஏரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இடக்கையால் எறியப் பழகினார். தடியின் அடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலைச் சுற்றுவார். புழுக் கோர்க்கிறதும் வாளி தூக்குகிறதும் என் வேலை.

அன்றைக்குப் புரட்டாசிச் சனி. நான் விரதம்.

"காலமை சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிச்சீர், இப்ப இஞ்ச புழுக் குத்துறீர்," என்றார் இவர். ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"உங்களுக்காகத்தானே எரிச்சனான். பேசாமல் மீனைப் பாருங்கோ."

சொல்லி முடியவில்லை, தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. குஞ்சு மீன்கள் வெளியே துள்ளின. இவர் எறிந்தார். விழுந்த உடனேயே தடி வளைந்தது. பெரிய மீன். கக்கத்திலிருந்து தடி நழுவியது, இடக்கையால் மட்டும் அதைப் பிடிக்க முடியவில்லை.

"இஞ்சரும், பிடியும்! பிடியும்!"

"நான் தொடக்கூடாதே!"

"தடி போகுது!"

அந்தத் தடியை எங்கள் மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவள். பிடித்தேன். எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாமல் சுற்றினேன். மீன் பலகையில் வந்து விழுந்து அடித்தது. இவர் இடக்கையால் கட்டையை எடுத்து அதன் தலையில் ஒரு அடி போட்டார். இங்கே மீனைத் துடிக்க விடக்கூடாது, அதுவும் சோதனையில் வந்ததாம். இரண்டு பேரும் சிரித்தோம். தடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

பின்னால் ஒருவர் நின்றார். சட்டையில் ஏரிக் காவலரின் வில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ. மரியாதையாகத்தான் வணக்கம் சொன்னார். கார்ட் இருக்கிறதா என்று கேட்டார். "யா" என்று சொல்லி இவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உங்களுடையதா என்றார். எங்கடைதானே. "யா." படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ கேட்டார். அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில், "யா, யா."

இவருக்கு விளங்கியது. டொச் பேச ஏலாதே தவிரக் கேட்டால் விளங்கும். முகம் சிவந்து, வாயைத் திறந்து, "நா... நா..." என்றார். நைன் என்ற அந்த ஒரு சொல்லை இழுத்து எடுக்கப் பார்த்தார். கடைசியில் வந்தது "ஏலாது" என்பதுதான். அந்த மனிதருக்கு அது என்ன? இவரின் தோளில் மெல்லத் தட்டிவிட்டு, எங்கள் விலாசத்தை எழுதினார். கார்ட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்குகிற இடத்தில் இவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "அவன் என்ன கேட்டவன் தெரியுமே? 'மனுசன்ர கார்ட்டை வைச்சு நீங்கள்தான் வழக்கமாப் பிடிக்கிறனீங்களோ?' எண்டு. நீர் யா எண்டுறீர். ரெண்டு தரம்."

"எனக்கு விளங்கேல்லையப்பா."

"விளங்காட்டி யாவே?"

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வேறு சொல் என் வாயில் இருக்கவில்லை.

மீன்பிடிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மகள் வாசித்தாள். விசாரித்து முடியும் வரைக்கும் கார்ட் கிடையாது. அவள் நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். "அம்மா, நீங்கள் யா எண்டு சொன்னதை மாத்த ஏலாது. விளங்காமல் சொன்னனீங்கள் எண்டு எழுதியிருக்கிறன்," என்றாள். இன்னும் பதில் இல்லை. பார்ஷ் கரையில் நிற்கிறது இன்னும் கொஞ்ச நாள்தான். குளிர் இறுகினால் ஆழத்துக்குப் போய்விடும்.

போன சனிக்கிழமை காலையிலேயே இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். தடி எடுக்கவில்லை. போனோம். மரப்பாலத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்தோம். தண்ணீர் கொதித்தது, குஞ்சுகள் துள்ளின, முதுகு முட்கள் தெரிகிற அளவுக்குப் பார்ஷ் கிட்ட வந்தது. இவருடைய இடக்கை மடியில் நூல் சுற்றுவது மாதிரித் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். பிடிக்கவில்லை.

நாயோடு வந்த ஒரு டொச் மனுசி எங்களைப் பார்த்து நின்றாள். எல்லாம் நல்லாயிருக்குதா என்று கேட்டாள். அது எனக்கு விளங்கும்.

"யா," என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். வாய் இப்போது எப்போதும் ஒரு பக்கமாகத்தான் போகும், அதனால் நிச்சயமாகச் சொல்ல ஏலாது.